மரபணுக் கோளாறு என்றால் குடும்பக் கோளாறா?

ஆடித்தபசு முடிந்த வாரத்தில் சங்கரன்கோவிலிலிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு குடும்பத் தலைவர். இரண்டு விசைத்தறிகள் ஓட்டிப் பிழைப்பவர். அவருடைய மனைவியாருக்கு நாற்பத்தெட்டு வயது. ஓராண்டு காலமாகவே நீர் போன்ற கசிவு இருந்தும் அம்மையார் எவரிடமும் வாய் திறக்கவில்லை. முடிவில் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்று சதைத் துண்டெடுத்துச் சோதித்ததில், கருப்பைக் கழுத்தில் புற்று என்றும், அதுவும் ‘இரைப்பை வகைச் சுரப்பிப் புற்று’ என்னும் அபூர்வ இனம் என்றும் அறிக்கை வந்திருக்கிறது. அறிக்கையின் கடைசி வரியில், மரபணுச் சோதனை செய்து பார்க்கலாம் என்றொரு குறிப்பு. அந்த ஒரு வரி வீட்டையே கலக்கிவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வினிகர் தடவிப் பார்த்துக் குறையொன்றுமில்லை என்று சொன்னார்களே, அது பொய்யா என்று கேட்கிறார் அந்த அன்பர். சோதனைக்கும் அதன்பின் வரக்கூடிய புதிய மருந்துக்கும் தறிகளை விற்றுவிடலாமா என்று கேட்கிறார். மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் ‘மரபணு’ என்ற சொல் வெளியே தெரிந்தால் பெண்ணை யார் எடுப்பார் என்பதும் அவருடைய கவலை. இதை மட்டும் கடிதத்தின் ஓரத்தில் சிற்றெழுத்தில் எழுதியிருக்கிறார். நமக்கோ அதுவே முதற் கேள்வியாகப் படுகிறது. ஆள் அடையாளம் தெரியாதபடி இதை வெளியிட அவர் இசைந்திருப்பதால், மறுமொழியை எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாகவே எழுதுகிறோம்.

மரபணு என்றதும் நம்மவர் தாய்வழி, தந்தைவழி என்று எண்ணத் தொடங்கிவிடுகின்றனர். சொல்லின் அமைப்பே அப்படி. ‘மரபு’ என்பது முன்னால் வந்து நிற்கிறதன்றோ! தமிழில் இச்சொல்லை ஆக்கியோர் புற்றுநோய் அறிக்கைகளை மனத்திற்கொண்டு ஆக்கவில்லை. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும், அது எப்படி வளரவேண்டும், எப்போது பிரியவேண்டும், எப்போது மடியவேண்டும் என்னும் கட்டளைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அக்கட்டளைகளே மரபணுக்கள். உயிரணு ஒன்று இரண்டாகும்போதெல்லாம் கட்டளை முழுதும் படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கையில் நேரும் எழுத்துப் பிழையே பிறழ்வு. பல பிழைகளை உடல் தானே திருத்திக்கொள்ளும். திருத்தப்படாத சில பிழைகள் ஒரே உயிரணுவில் சேர்ந்துவிட்டால், அது அடங்காமல் பெருகிக் கட்டியாகிறது.

தறியோட்டும் குடும்பங்களுக்கு இதை விளக்குவது எளிது. நெய்துகொண்டிருக்கும்போது ஊடையில் ஒரு பிசகு நேர்ந்தால், பழுது அந்தத் துணியில் அந்த இடத்தோடு நின்றுவிடும். பாவு சுற்றும்போதே பிசகியிருந்தால் அந்தப் பாவிலிருந்து அறுக்கும் சேலை ஒவ்வொன்றிலும் அது தெரியும். புற்றுநோய் அறிக்கைகளில் காணும் பிறழ்வு பெரும்பாலும் ஊடைப் பிசகே. அது அந்தக் கட்டிக்குள் பிற்காலத்தில் நேர்ந்தது, இரத்தத்தில் இல்லை, கருவின் வழியே பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை. பாவிலேயே பிசகு இருக்கும் குடும்பங்களும் சில உண்டு. அவற்றைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

இனி வினிகர் சோதனைக்கு வருவோம். அதைச் செய்த செவிலியரின்மேல் குறை காண்பதற்கில்லை. நம் நாட்டில் காணும் கருப்பைக் கழுத்துப் புற்றில் மிகப் பெரும்பகுதி, கழுத்தின் வெளிமுகத்தை மூடியுள்ள செதிள் போன்ற உயிரணுக்களில் தோன்றுவது. அதற்குக் காரணம் பாப்பிலோமா என்னும் வைரஸ். ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழுவினர் 1983, 1984 ஆகிய ஆண்டுகளில் இவ்வைரஸின் 16, 18 என்னும் எண்ணுடைய இரு இனங்களைப் புற்றுக் கட்டிகளிலிருந்து பிரித்துக் காட்டினர். 2008-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவ்வைரஸ் உயிரணுவின் காவலாளிகளான இரு புரதங்களைக் கட்டிப்போட்டுவிடுகிறது. பல ஆண்டுகள் கழித்துப் புற்று எழுகிறது. அந்த இடைக்காலத்தில், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினால் கெட்ட இடம் வெளுத்துத் தெரியும். வினிகர் சோதனை என்று மக்கள் சொல்வது இதைத்தான்.

இந்த எளிய சோதனையின் ஆற்றலை உலகுக்கு மெய்ப்பித்தது நமக்கு அண்மையிலுள்ள திண்டுக்கல் மாவட்டமே என்பது பலர் அறியாத செய்தி. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையாரும், பிரான்சு நாட்டு லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தாரும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கினர். அதன் தலைவர் கேரளத்தவரான டாக்டர் சங்கரநாராயணன். சங்கரன்கோவிலாருக்கு இப்பெயரை நினைவில் வைப்பது அரிதன்று! 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்கள் சோதனைக்குரிய பிரிவில் வைக்கப்பட்டனர். 31,343 பேர் வந்து சோதனை செய்துகொண்டனர். செய்தவர்கள் பெரிய மருத்துவ நிபுணர்கள் அல்லர், பயிற்சி பெற்ற செவிலியரே. 2007-இல் முடிவு வெளியாயிற்று. ஒரே முறை செய்த சோதனையால், சோதனை நடைபெறாத ஊர்களைக் காட்டிலும் இந்நோய் தோன்றுவது நூற்றுக்கு 25-ம், இந்நோயால் இறப்பது நூற்றுக்கு 35-ம் குறைந்திருந்தன.

ஆனால் வினிகர் காட்டுவது கண்ணுக்கு எட்டும் வெளிமுகத்தை மட்டுமே. கழுத்தின் உட்புறத்தில் ஒரு குறுகிய வழி இருக்கிறது. அதன் சுவரில் சளி சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. சுரப்பி வகைப் புற்று பெரும்பாலும் அவ்விடத்தில் ஒளிந்து வளரும். அதிலும் இரைப்பை வகை என்பது பாப்பிலோமா வைரஸின் தொடர்பின்றியே தோன்றுவது. ஆகவே வைரஸைத் தேடும் உயர்ந்த சோதனையிலும் அது அகப்படுவதில்லை. இரைப்பை என்ற பெயரைக் கண்டு வயிற்றிலிருந்து பரவியதென்று எண்ணற்க. அதன் உயிரணுக்கள் இரைப்பையின் சளிச் சுரப்பிகளை ஒத்திருப்பதால் வந்த பெயர் அது. 2020-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்நோய்களை மறுபடி வகைப்படுத்தியபோது, வைரஸால் வருவன, வைரஸின்றி வருவன என்று இரண்டாகப் பிரித்தே வைத்தது. சுரப்பி வகையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று இந்த இரைப்பை வகை. ஜப்பானில் இன்னும் அதிகம். இதற்குச் சொல்லத்தக்க முன்னறிகுறி ஒன்றே. அது நீராகவோ சளியாகவோ ஓயாது ஒழுகும் கசிவு. நம் தாய்மார்கள் மறைப்பதும் அதையேதான். உதிரம் கண்டால் அஞ்சுகிறார்கள். வெறும் நீர்தானே என்றால் துணியை மாற்றிக்கொண்டு பூ கட்டப் போய்விடுகிறார்கள்.

வகை எது என்று தெரிந்துகொள்வதில் என்ன பயன், எல்லாம் புற்றுதானே என்று சிலர் கேட்கக்கூடும். பயன் மிகவும் உண்டு. நூற்றில் ஒன்றிரண்டாக வரும் ‘சிறு உயிரணு’ வகையை எடுத்துக்கொள்வோம். அது விரைந்து பரவும் கொடியது. அதற்கு நுரையீரலில் வரும் அதே பெயருடைய நோய்க்குக் கொடுக்கும் எடோபோசைடு, சிஸ்பிளாட்டின் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இரைப்பை வகையோ கதிருக்கும் வழக்கமான மருந்துகளுக்கும் எளிதில் பணியாதது. ஆதலால் தொடக்க நிலையில் இருந்தால் அறுவையையே மருத்துவர் பெரிதும் நாடுவர். அமெரிக்காவில் ஹென்றியேட்டா லாக்ஸ் என்ற பெண்மணி 1951-இல் இந்நோயால் இறந்தார். அவருடைய கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்கள் இன்றும் உலகத்து ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. அத்துணைப் புகழ்பெற்ற அக்கட்டியையே முதலில் செதிள் வகை என்று எழுதி வைத்தனர். அது சுரப்பி வகை என்று திருத்தி வெளியிட்டது 1971-இல்தான்.

ஆகவே அறிக்கையில் அபூர்வ இனம் ஒன்றின் பெயர் வந்தால், அதை இன்னொரு திசு நிபுணர் பார்ப்பது நன்று. சதைத் துண்டை மெழுகுக் கட்டிக்குள் பதித்து ஆய்வுக்கூடத்தில் வைத்திருப்பார்கள். எழுதிக் கேட்டால் அந்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் தருவார்கள். அவற்றை, 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கோ எடுத்துச் செல்லலாம். நோயாளியை இழுத்துக்கொண்டு போகவேண்டியதில்லை. மகனோ தம்பியோ கட்டியுடன் பொதிகை விரைவு வண்டியில் ஏறினால் போதும். பின்னால் மரபணுச் சோதனை செய்வதாயினும் இதே கட்டியே வேண்டும். எனவே திரும்ப வாங்கிப் பத்திரப்படுத்துக.

குறிவைத்துத் தாக்கும் மருந்துகளைப் பற்றி ஊரில் இரண்டு விதப் பேச்சு உண்டு. அமிர்தம் என்பார் சிலர். பணம் பறிக்கும் வித்தை என்பார் சிலர். இரண்டும் சரியன்று. சில கட்டிகளில் ஹெர்-2 என்னும் புரதம் உயிரணுவின் மேற்பரப்பில் அளவுக்கு மிஞ்சி முளைத்திருக்கும். வேறு சிலவற்றில் புரதத்தின் அளவு மிகாமல், அதன் மரபணுவில் எழுத்துப் பிழை இருக்கும். முதல் வகைக்கு டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் என்றொரு மருந்து வந்திருக்கிறது. அந்தப் புரதத்தைத் தேடிப் பற்றிக்கொண்டு, தான் சுமந்து வந்த நஞ்சைக் கட்டிக்குள் இறக்கிவிடும். பல நாடுகளில் நடந்த ஆய்வொன்றில், வேறு மருத்துவம் பலிக்காத, ஹெர்-2 மிகுந்த கருப்பைக் கழுத்துப் புற்றுடைய 40 பெண்களுக்கு இதைக் கொடுத்தனர். பாதிப் பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. அம்முடிவு 2023-இல் வெளியாயிற்று. 2024 ஏப்ரலில் அமெரிக்க அரசு, எந்த உறுப்பின் கட்டியானாலும் இப்புரதம் மிக அதிகமாக இருந்து, வேறு வழியும் அடைபட்டிருந்தால், இம்மருந்தைக் கொடுக்கலாம் என்று இசைவளித்தது.

இரண்டாம் வகைக்கு நெராட்டினிப் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தனர். 2020-இல் வெளியான கணக்கு இது: அளந்து பார்க்கத்தக்க கட்டியுடைய 12 பெண்களுள் மூவருக்கு அது சுருங்கியது. ஆய்வில் சேர்ந்தோரை எடுத்துக்கொண்டால், நோய் மேலே செல்லாமல் நின்ற காலம் நடுத்தரமாக ஏழு மாதம். ஏழு மாதம் என்பது சிறிதா பெரிதா என்று நாம் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். மகளின் திருமணத்தைக் கண்ணால் காண விழையும் தாய்க்கு அது பெரிது. ஆயினும் முழுக் குணம் என்று எவரேனும் சொல்லித் தறியை விற்கச் சொன்னால் அதை நம்பவேண்டா. சிறு உயிரணு வகையில் கே-ராஸ் என்ற மரபணு பிறழ்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு, அப்பிறழ்வின் வழியை அடைக்கும் மாத்திரையால் கட்டி முற்றும் மறைந்ததாக அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது ஒரே ஒரு பெண்ணின் கதை. இத்தகைய அபூர்வ நோய்களில் ஆயிரம் பேரைச் சேர்த்து ஆய்வு நடத்துவது அரிது. ஆதலால் ஒருவர், பன்னிருவர், நாற்பதின்மர் என்றே சான்றுகள் வருகின்றன. அவையும் பெரும்பாலும் அயல்நாட்டுப் பெண்களிடம் திரட்டியவை. நம்மவர் கட்டிகளின் மரபணு விவரங்களைத் தொகுக்கும் பணியை 2025 பிப்ரவரியில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் வெளியிட்ட ‘பாரத புற்றுநோய் மரபணு வரைபடம்’ தொடங்கி வைத்திருக்கிறது. அதில் முதலில் இடம்பெற்றிருப்பது மார்பகப் புற்று.

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு அன்பரின் பணக் கேள்விக்கு வருவோம். குறிவைத்துத் தாக்கும் இம்மருந்துகள் அனைத்தும் நோய் பரவியபின், அல்லது ஒருமுறை போய் மீண்டபின் கொடுப்பன. அறுவையாலோ கதிராலோ நீக்கத்தக்க நிலையில் இருக்கும் கட்டிக்கு அவையே முதல் மருந்து அல்ல. ஆகையால் மரபணு அறிக்கை வரட்டும் என்று காத்திருந்து, மருத்துவர் சொன்ன அறுவையையோ கதிரையோ தள்ளிப்போடுவது பெருந்தீங்கு. ஒரு மாதத் தாமதத்தில் இழப்பதைப் பிறகு எந்த மருந்தாலும் மீட்க இயலாது போகலாம்.

மருத்துவரிடம் ஒரு கேள்வியைத் துணிந்து கேளுங்கள்: ‘ஐயா, இந்தச் சோதனையின் முடிவு எதுவாயினும், அடுத்து நீங்கள் செய்யப்போவதில் மாறுதல் உண்டா?’ இல்லை என்றால் சோதனை பிறகு ஆகட்டும். உண்டு என்றால், முதலில் ஹெர்-2 புரதத்துக்கு மட்டும் சாயமேற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மார்பகப் புற்றுக்காக இதைப் பெரிய மருத்துவமனைகளில் நாள்தோறும் செய்கிறார்கள். நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒருங்கே படிக்கும் பெருஞ்சோதனையைக் காட்டிலும் இதன் செலவு மிகமிகக் குறைவு. மருந்தின் விலை இன்னும் இலட்சக் கணக்கில்தான் இருக்கிறது. 2024 ஜூலையில் மத்திய அரசு டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகானுக்குச் சுங்கவரியை நீக்கியது; அவ்வாண்டிலேயே அதன்மீதான சரக்கு சேவை வரியையும் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தது. இருப்பினும் ஒரு தறிக் குடும்பத்தின் கைக்கு அது எட்டாத தொலைவே. அறுவை, கதிர் ஆகிய செலவுகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொள்க. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை அதில் இடமுண்டு. சென்னைக்குச் செல்லும் புற்று நோயாளிக்கு இரயிலில் படுக்கை வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும் உண்டு. உரிய படிவத்தில் மருத்துவர் சான்று தரவேண்டும். தறிகளை இப்போது விற்கவேண்டா. சிகிச்சைக் காலம் நெடிது. அந்தக் காலமெல்லாம் அடுப்பெரிய வேண்டும்.

இனி, பாவிலேயே பிசகு என்று சொன்னோமே, அது. இரைப்பை வகைச் சுரப்பிப் புற்றுக்கும் ஒரு குடும்ப நோய்க்கும் உறவு உண்டு. 1921-இல் நெதர்லாந்து மருத்துவர் பொய்ட்ஸ் என்பவரும், 1949-இல் அமெரிக்க மருத்துவர் ஜெகர்ஸ் என்பவரும் அவருடன் ஆய்ந்தோரும் விளக்கிய நோய் அது. இருவர் பெயராலும் வழங்குகிறது. அதற்குக் காரணமான எஸ்.டி.கே.11 என்னும் மரபணு 1998-இல் கண்டறியப்பட்டது. இந்நோயுடையோருக்குக் குழந்தைப் பருவத்திலேயே உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் மிளகுத் தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தோன்றும். உதட்டுப் புள்ளிகள் வளர்ந்தபின் மங்கிவிடலாம். கன்னத்தின் உட்புறத்தில் பெரும்பாலும் நிலைத்திருக்கும். குடலில் சதை முளைகள் எழுந்து, குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கடும் வயிற்றுவலி உண்டாகும். பெற்றோருள் ஒருவருக்கு இது இருந்தால், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்நோயுள்ள பெண்களுக்குக் கருப்பைக் கழுத்தில் இந்த அபூர்வப் புற்று வரக்கூடும் என்பதால், அவர்களை மருத்துவர் ஆண்டுதோறும் பார்க்கவேண்டும்.

இரைப்பை வகைப் புற்று கண்ட பெண்களுள் பெரும்பாலோருக்கு இக்குடும்ப நோய் இல்லை. ஆகவே சங்கரன்கோவில் அன்பர் செய்யவேண்டியது எளிது. பகல் வெளிச்சத்தில் மனைவியாரின் உதட்டையும் கன்னத்தின் உட்புறத்தையும் பாருங்கள், மக்களுடையதையும் பாருங்கள். சிறுவயதில் குடலுக்கு அறுவை நடந்ததுண்டா என்று மாமியார் வீட்டில் விசாரியுங்கள். இரண்டும் இல்லையெனில், அதை மருத்துவரிடம் சொல்லி, இரத்தத்தில் மரபணுச் சோதனை தேவையா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். கட்டியில் செய்யும் சோதனை வேறு, இரத்தத்தில் செய்யும் சோதனை வேறு என்பதை மறவாதீர்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசத்தக்கது இரத்தச் சோதனையே. இருந்தால்தான் என்ன? இருப்பதை அறிந்த குடும்பத்தில் பெண் ஆண்டுக்கொருமுறை மருத்துவரைக் காண்பாள். மறைத்த குடும்பத்தில் கசிவு வந்தபின்னும் வாய் திறக்க மாட்டாள். பெண் கொடுப்போரும் எடுப்போரும் இதை நிதானமாகப் பேசலாம். சர்க்கரை நோயைப் பற்றி இன்று எல்லா வீடுகளிலும் பேசுகிறார்கள் அல்லவா? பங்குத் தந்தையை உடன் வைத்துக்கொண்டு பேசினாலும் தவறில்லை.

இளைய மகளுக்குப் பதினான்கு வயது என்றும், தாயின் நோய்க்கு வைரஸ் காரணமல்ல என்பதால் தடுப்பூசி வீண்தானே என்றும் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. வீண் அன்று. தாய்க்கு வந்தது அபூர்வ இனம்; மகளுக்கு நேரக்கூடிய ஆபத்தோ எல்லாப் பெண்களுக்கும் பொதுவான வைரஸ் இனத்தால் வருவது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்று புதிதாகக் கண்டதாகவும், 79,000-க்கு மேற்பட்டோர் இறந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வைரஸ் வகையினர். பூனா நகரத்து சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் என்னும் நம் நாட்டுத் தடுப்பூசிக்கு 2022 ஜூலையில் அரசின் இசைவு கிடைத்தது. 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு, பதினான்கு வயதுச் சிறுமியருக்குப் படிப்படியாக இத்தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையில் பெயரைக் கொடுத்துக் கேளுங்கள், பள்ளியிலும் விசாரியுங்கள்.